மவுஸ் நகர்ந்தால் மூடிக்கொள்ளும்

திருமங்கலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்கு வேலை, படுக்க இடம், கொடியில் காயும் இன்னொரு சட்டை எல்லாமே எதிர்த்திசையில் மதுரையில் இருந்தன. கப்பலூர் பக்கம் வந்த பிறகுதான் அது உறைத்தது. திரும்பியிருக்கலாம். திரும்பினால் அந்த இன்ஸ்டிடியூட் வாசலை மறுபடி கடக்க வேண்டும். வாசலில் அந்த அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். கால்கள் யோசிக்கவில்லை, திருமங்கலம் பக்கமே போயின.

பேண்ட் பாக்கெட்டில் ஒரு கம்ப்யூட்டர் மவுஸ் இருந்தது. அதன் வயர் பாதி வெளியே வந்து நடக்க நடக்க முட்டியில் அடித்தது. மெதுவாகப் போன லாரி ஒன்றின் கிளீனர் எட்டிப் பார்த்து, "அண்ணே, வால் தொங்குது!" என்று கத்திவிட்டுப் போனான். உள்ளே திணித்தேன். பத்தடி போனதும் மறுபடி வெளியே வந்தது.

அந்த மவுஸ் நான் வேலை பார்த்த கடையுடையது. மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில், மூன்று கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுத்த கடை. நான் அங்கே வெப் டிசைனர். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் இருமல் வரும். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனவன் நான். மறுபடி எழுதினேன், மறுபடி போனேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. சோழவந்தானில் வெற்றிலைக் கட்டு அடுக்கினேன். பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்கினேன். ஒரு லாட்ஜில் அறை கூட்டினேன். நடுவே சாப்பாடு இல்லாத நாட்களும் உண்டு. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் தலைவலி போய்விடும்.

கடைசியாக ஒரு பிரவுசிங் சென்டரில் கேபின் துடைக்கப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு மதுரையில் தெருவுக்கு ஒன்று முளைத்திருந்த காலம். ஆள் இல்லாத நேரத்தில் எந்த வெப்சைட்டையும் திறந்து அதன் உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளைப் பார்க்கலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதை அப்படியே எடுத்து, நீலத்தைப் பச்சையாக்கி, பெயரை மாற்றினால் புது வெப்சைட். ஆறு மாதத்தில் எனக்கு ஒரு தொழில் வந்துவிட்டது. அடுத்தவன் சட்டைக்கு வேறு பொத்தான் தைக்கிற தொழில்.

அப்படி நான் எடுத்ததிலேயே உயர்ந்தது ஒரு மெனு. பக்கத்தின் மேலே வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். ஒரு தலைப்பின் மேல் மவுஸைக் கொண்டுபோனால், தொடாமலே, அதன் கீழ் ஒரு பட்டியல் விரியும். அந்தப் பட்டியலில் ஒன்றின் மேல் நின்றால் வலது பக்கம் இன்னொரு பட்டியல் விரியும். மவுஸ் சற்று விலகினால் எல்லாம் மூடிக்கொள்ளும். இதை நான் முதலில் காட்டிய அன்று கடை அண்ணன், அதாவது என் முதலாளி, எழுந்தே விட்டார்.

"மாப்ள, இதுதான்டா! மவுஸ வச்சா போதும், மலரணும். இனிமே எல்லாருக்கும் இதையே போடு."

எல்லாருக்கும் அதையே போட்டேன். ஜவுளிக்கடைக்கு மலர்ந்தது, பள்ளிக்கூடத்துக்கு மலர்ந்தது. மூன்றே மூன்று பக்கம் உள்ள ஒரு மாவு மில்லுக்கும் மூன்றடுக்கில் மலர்ந்தது. திருநகர் தாண்டி ரோட்டோரம் இருந்த தனியார் பயிற்சி இன்ஸ்டிடியூட்டுக்கும் மலர்ந்தது. அவர்கள் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை குறைந்தவர்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பயிற்சியில் சேர்வதற்கான தேர்வுப் பக்கத்தை நான் மூன்றாவது அடுக்கில் வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மூன்றாவது அடுக்கு காலியாக இருந்தது என்று சொல்லியிருப்பேன்.

ஒரு மத்தியானம் அந்த அக்கா கடைக்கு ஏறி வந்தார். முப்பத்துநாலு வயது இருக்கும். தடித்த கண்ணாடி. பின்னால் அவருடைய அண்ணன், நூலுக்குச் சாயம் போடுகிறவர், விரல் நகமெல்லாம் ஊதா. சௌராஷ்டிரக் குடும்பம். தங்களுக்குள் அவர்கள் வீட்டு மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. சிரிப்பு மட்டும் புரியும். அது பெரும்பாலும் என்னைப் பற்றியதாக இருக்கும்.

"அந்த ஆப்பரேட்டர் இன்ஸ்டிடியூட் வெப்சைட்ட பண்ணுனது யாரு தம்பி?"

"நான்தான்க்கா." சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்தேன் என்று நினைவு.

"அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கேன். எனக்கு அதத் திறந்து காட்டுங்க."

காரணத்தை அண்ணன் சொன்னார். இன்னும் எட்டு நாளில் இன்ஸ்டிடியூட்டில் தேர்வு. அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, அரை மணி நேரத்துக்குள் அவர்கள் வெப்சைட்டின் முதல் பக்கத்திலிருந்து தேர்வுப் பக்கத்தைத் தானே தேடித் திறந்து, இருபது கேள்விக்குப் பதில் போட வேண்டும். யாரும் உதவக் கூடாது. வயது வரம்பு முப்பத்தைந்து. "இந்தத் தடவ விட்டா அப்புறம் அவளுக்கு இது கெடையாது தம்பி" என்றார். அக்கா அதைக் கேட்காதது போல ஸ்பீக்கர் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் உருப்பெருக்கியைப் போடச் சொன்னார். அது கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். திரையின் மேல்பகுதியில் ஒரு பட்டை வந்தது. மவுஸ் எங்கே இருக்கிறதோ அந்த இடம் மட்டும் அதில் பலமடங்கு பெரிதாகத் தெரியும். அக்கா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய், அந்தப் பட்டைக்குள் உலகத்தைப் பார்த்தார். இருட்டில் டார்ச் அடித்துத் தரையில் விழுந்த மூக்குத்தியைத் தேடுவது போல இருந்தது. வெளிச்சம் விழும் இடம் தெரியும், மற்றது கிடையாது.

மவுஸ் தலைப்பின் மேல் போனது. என் மெனு மலர்ந்தது. பட்டைக்குள் அந்தத் தலைப்பின் மூன்று எழுத்துகள் மட்டும் தெரிந்தன. மலர்ந்தது எதுவும் அதில் இல்லை.

"ஒண்ணும் வரலையே தம்பி."

"வந்துருச்சுக்கா, கீழ பாருங்க."

கீழே வந்தார். மெதுவாகத்தான் வர முடியும். வரும் வழியில் மவுஸ் ஓரத்துக்கு ஒரு நூல் விலகியது. மெனு மூடிக்கொண்டது.

"இல்லையே."

"இருந்துச்சுக்கா. இப்பப் போயிருச்சு."

"எங்க போச்சு?"

"நீங்க மவுஸ நகட்டுனீங்கள்ல, அதான்."

"நகட்டாம எப்படிய்யா கீழ பாக்குறது?"

அக்கா பதினைந்து நிமிஷம் முயன்றார். இரண்டாம் அடுக்குவரை ஒருமுறை போனார். மூன்றாவது அடுக்கு வலது பக்கம், பட்டைக்கு வெளியே, அவருக்குத் தெரியாமலே மலர்ந்து, தெரியாமலே வாடியது. அக்கா நிமிர்ந்தார். மூக்கில் திரைத்தூசி.

"உங்க மெனு என்னையக் கண்டா வெக்கப்பட்டு உள்ள ஓடிப்போகுது தம்பி. பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு."

அண்ணன் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள்.

மறுநாள் சரிசெய்து வைப்பதாகச் சொன்னேன். எப்படிச் சரிசெய்தேன் தெரியுமா? எழுத்தைப் பெரிதாக்கினேன். கண் தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், இதற்கு என்ன படிப்பு வேண்டும்? எழுத்து பெரிதானதும் பட்டியல் பெரிதானது. மூன்றாவது அடுக்கு திரையைத் தாண்டிச் சுவருக்குள் போய்விட்டது. இப்போது எனக்கும் தெரியவில்லை. ஒருவகையில் நியாயமான மெனு.

அக்கா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "எனக்கு எழுத்து சின்னதா இருக்குன்னு நான் சொன்னேனா? பெருசாக்க என்கிட்ட மிசின் இருக்கு. மவுஸ வைக்கையில திறக்காதீங்க. நான் அமுக்குனா திறக்கட்டும். திறந்தது, நான் அமுக்கி மூடுற வரைக்கும் திறந்தே கெடக்கட்டும். சைடுல ஓடாம அதுக்கு நேர் கீழயே வரட்டும். திறந்திருக்கா மூடியிருக்கான்னு அது பக்கத்துலயே எழுதுங்க. இம்புட்டுத்தான்."

"கலர் ஏதும்…"

"தம்பி!"

இரண்டு நாள் பிடித்தது. எடுத்து ஒட்ட எங்கும் கிடைக்காததால் முதல்முறையாக ஒன்றை நானே எழுதினேன். பார்க்க ரேஷன் கடைப் பலகை போல இருந்தது. அமுக்கினால் திறந்தது, திறந்தபடி கிடந்தது. அக்கா தலைப்பை அமுக்கினார், நேராகக் கீழே இறங்கினார், இரண்டாவதை அமுக்கினார், மூன்றாவதை அமுக்கினார். தேர்வுப் பக்கம் வந்துவிட்டது. நான் எடுப்பதைவிட ஒரு நிமிஷம்கூட அதிகம் ஆகியிருக்காது.

"ஆளு மொசலப் புடிச்சிருச்சு" என்றார் அண்ணன்.

அடுத்த நான்கு நாளும் வந்து பழகினார். கடையில் இருந்த மவுஸ்களில் ஒன்று மட்டும் வழுக்காமல் நின்று நகரும். அதைத்தான் கேட்பார். அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. எந்தப் பக்கம் திறந்தாலும் முதலில் மேலே போய், முகவரிக் கட்டத்தில் இருப்பதை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு அதுதான் நம்பிக்கையான அடையாளம். தேர்வுப் பக்கத்துக்கு நான் வைத்திருந்த கோப்புப் பெயரை முதல்முறை படித்ததும் நிறுத்தினார்.

"நியூஃபைனல்டூவா? புதுசு, கடைசி, ரெண்டாவது. எதுய்யா உண்மை?"

"மூணுமேதான்க்கா."

அன்றிலிருந்து என்னை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார். "நியூஃபைனல்டூ, ஒரு டீ சொல்லுங்க."

இனி வருவது நான் மறைத்தது. சரிசெய்த மெனு கடை கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. உலகம் பார்க்கிற வெப்சைட்டில் பழைய மெனுதான் மலர்ந்துகொண்டிருந்தது. புதியதை அங்கே ஏற்றுவதற்குப் பாஸ்வேர்ட் வேண்டும், அது கடை அண்ணனிடம் இருந்தது. ஒருநாள் அவரிடம் பாதிக் குரலில் கேட்டேன்.

"அண்ணே, அந்த இன்ஸ்டிடியூட் மெனுவ மட்டும் கொஞ்சம் மாத்தி…"

திரையில் இருந்ததை எட்டிப் பார்த்தார். "என்னடா இது, சலவைக் கணக்கு மாதிரி இருக்கு? அவங்க அந்த மலருறதுக்காகத்தான்டா நம்மகிட்ட வந்தாங்க. கை வைக்காத."

"சரிண்ணே" என்றேன். அவ்வளவுதான் என் போராட்டம். எதற்காகக் கேட்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நேராக இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்ப் பேசியிருப்பார், அதற்கு நாளும் இருந்தது. ஆனால் அவர் என்னைப் பாராட்டத் தொடங்கியிருந்தார். "படிச்சவன் செய்யாதத செஞ்சுட்டீங்க" என்று ஒருநாள் சொன்னார். என் வாழ்க்கையில் யாரும் படித்தவனோடு என்னை ஒப்பிட்டதில்லை, அதுவும் சாதகமாக. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளைக்கு என்பது தேர்வு நாளாக வந்து நின்றது.

அன்று காலை அவர் கேட்டுக்கொண்டபடி அந்த மவுஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திருநகருக்குப் பஸ் ஏறினேன். உருப்பெருக்கியைப் போட்டுக் கொடுக்க என்னை உள்ளே விட்டார்கள். மவுஸை மாட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மேற்பார்வைக்கு இருந்த மேடம் கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிக்கலாம். நீங்க பின்னாடி போய் நில்லுங்க" என்றார். போய் நின்றேன்.

அக்கா தலைப்பின் மேல் போய் அமுக்கினார். காத்திருந்தார். நேராகக் கீழே இறங்கினார். இல்லை. மறுபடி மேலே போனார். அமுக்கினார், இறங்கினார், இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பின்னால் இருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. அவர் கை போவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் என் மெனு மலர்ந்து, சரியாகக் கை போகும்போது மூடியது. நான் அதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பையன் ஒன்பதாம் கேள்விக்குப் போய்விட்டான்.

அக்கா திரும்பாமலே சொன்னார். "நியூஃபைனல்டூ, இது நம்ம பக்கம் இல்லையே."

"யார்கிட்டயும் பேசக் கூடாதும்மா" என்றார் மேடம்.

"இல்லக்கா. இது பழசு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "புதுச ஏத்தல."

அக்காவின் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு மெனுவை விட்டார். மவுஸை நேராக மேலே கொண்டுபோய் முகவரிக் கட்டத்தில் வைத்தார். அங்கே இருந்ததைப் படித்தார். அதன் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, கடையில் படித்து மனதில் நின்ற கோப்புப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினார். நியூ, ஃபைனல், ரெண்டு. தேர்வுப் பக்கம் திறந்தது.

மேடம் எழுந்து வந்தார். "மெனு வழியாத்தான் போகணும்மா."

"தேர்வுப் பக்கத்த நானா தேடித் திறக்கணும்னுதான மேடம் எழுதியிருக்கீங்க. வாசல் பூட்டிக் கெடந்துச்சு. விலாசம் தெரியும், வந்துட்டேன்."

மேடம் திரையையும் அவரையும் பார்த்தார். பிறகு தாமே குனிந்து, இன்னொரு கம்ப்யூட்டரில் உருப்பெருக்கியைப் போட்டு மெனுவைத் தேடிப் பார்த்தார். இரண்டு முறை. "ம். எழுதுங்க" என்றார்.

பதின்மூன்று நிமிஷம்தான் மிச்சம் இருந்தது. பதினேழு கேள்வி போட்டார்.

நான்கு மணிக்கு வாசல் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அதில் அக்காவின் பெயர் இருந்தது. இரண்டு இடத்தில் இரண்டாவது. அண்ணன் அதைப் படித்துவிட்டு ஊதா நகத்தால் கண்ணைத் துடைத்தார். நான் "அக்கா!" என்று சந்தோஷமாக முன்னால் வந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்குத் தெரியாது, குரல் இருந்த திசையைப் பார்த்தார்.

"ஏன் தம்பி சொல்லல?"

திட்டியிருந்தால் நின்றிருப்பேன். அது நிஜமான கேள்வி, பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது. "நீங்க என்னையப் பாராட்டுனீங்க, அதான்" என்று இருபத்தேழு வயது ஆள் எப்படிச் சொல்வது?

"எனக்கு விடுங்க. அடுத்த தடவ இன்னொருத்தி வருவா. அவளுக்கு நியூஃபைனல்டூ தெரியாதுல்ல" என்றார்.

"மவுஸக் கழட்டிட்டு வாரேன்க்கா" என்று உள்ளே போனேன். கழற்றினேன். பக்கவாட்டு வழியாக வெளியே வந்து ரோட்டில் கால் போன பக்கம் திரும்பினேன். அப்படித்தான் கப்பலூருக்கு வந்து சேர்ந்தேன்.

திருமங்கலத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு எனக்குப் புதிதல்ல. படுத்தேன், தூங்கினேன், விடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறப்பதற்குள் ஒரு காயின் பாக்ஸ் போனில் கடை அண்ணனைக் கூப்பிட்டேன். இந்தமுறை முழுக் குரலில்.

"அண்ணே, அந்த மெனுவ மாத்தித்தான் ஆகணும். கண்ணு கம்மியா தெரியிறவங்க அதுல ஒண்ணையுமே…"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்டா! நேத்தே அந்த மேடம் போன் பண்ணி ஏறு ஏறுன்னு ஏறிட்டாங்க. எங்கிட்ட ரெடியா இருக்கு மேடம், இன்னைக்கே ஏத்துறேன்னு சொல்லிட்டேன். அந்த சலவைக் கணக்கு எங்கடா இருக்கு?"

"மூணாவது மிசின்லண்ணே. நியூஃபைனல்த்ரீ."

"வெளங்கும். மவுஸ் எங்க?"

"என்கிட்டதான்."

"கொண்டாந்து வச்சுட்டு வேலையப் பாருடா. ஜவுளிக்கடைக்காரரு வாராரு, அவருக்கு மலரணுமாம்."

"அண்ணே, அதையும்…" என்று தொடங்கினேன். காசு முடிந்து லைன் போய்விட்டது. இன்னொரு காசு இல்லை. அது ஒரு வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகும் தனியார் பஸ்கள் அங்கே சில நிமிஷம் நிற்கும். அவற்றுக்கு ஆள் கூப்பிடுகிற பெரியவர் தொண்டை கட்டி, டீக்கடையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "சத்தம் வருமா?" என்று சைகையும் காற்றுமாகக் கேட்டார். வரும் என்றேன். காலைச் சாப்பாடு உண்டு என்றார். வேலை கிடைத்துவிட்டது, மவுஸ் கொஞ்சம் தாமதமாக மதுரைக்குப் போகட்டும்.

முதல் பஸ் வந்தது. ஓடினேன். "திருநகர் திருப்பரங்குன்றம் பழங்காநத்தம் பெரியார்!" என்று ஒரே மூச்சில் வீசிவிட்டு, அடுத்து நுழைந்த பஸ்ஸை நோக்கிப் பாய்ந்தேன். பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, அதே காற்றுக் குரலில் காதருகே சொன்னார்.

"எங்க ஓடுற? பஸ்ஸுக்கு நிக்கிறவுக இப்பத்தான் திரும்பிப் பாக்குறாக. ஒவ்வொரு ஊராச் சொல்லு. பஸ்ஸு கெளம்புற வரைக்கும் படிக்கிட்டயே நில்லு."

படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "திருநகர்" என்றேன். கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று, முழுவதையும் கேட்டு முடித்து, ஏறுவதற்கு முன் என் காலைப் பார்த்தார்.

"தம்பி, ஏதோ தொங்குது பாரு."

"தெரியும்மா, ஏறுங்க" என்றேன். பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்று, ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.